யோசேவாஸ் அடிகளார் கற்பித்த பணிவு

லயத்து வாசல்களில் தைப்பொங்கலுக்கு இட்ட கோலம் அழிவதற்கு முன்பாகவே மலையகத்துக் கத்தோலிக்க மக்களுக்கு இன்னொரு நாள் வந்து சேர்கிறது. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டி மாநகரில் கோவாவைச் சேர்ந்த குரு ஒருவர் கண்மூடினார். புனித யோசேவாஸ் என்று இன்று நாம் அழைக்கும் அவருக்கு 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கினார். இலங்கையின் முதலாவது புனிதர் என்ற பெருமை அதன் மூலம் அவரைச் சேர்ந்தது. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னர், 1995 ஜனவரியில், இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்ததும் இதே காலிமுகத்திடலில்தான்.

அடிகளாரைப் பற்றிப் பேசுவோர் முதலில் குறிப்பிடுவது அவருடைய பணிவையே. ஆனால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. துரைக்குப் பணி, பெரியகங்காணிக்குப் பணி, கணக்கப்பிள்ளைக்குப் பணி என்று கேட்டுக் கேட்டே தலைமுறைகளைக் கடந்த சமூகம் இது. துரை வரும் பாதையில் தலைப்பாகையைக் கழற்றிக் கொண்டு ஒதுங்கி நின்ற பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளிடம் பணிவைப் போதிப்பவர், தாம் எதைப் போதிக்கிறார் என்பதைத் தெளிவுபடுத்தக் கடமைப்பட்டவராகிறார். அடிகளாரின் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது அதற்குத் துணை செய்யும்.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். அது அவரது தாயாரின் ஊர். தந்தையாரின் ஊர் சன்கோவாலே. கத்தோலிக்கத்தைத் தழுவிய கொங்கணிப் பிராமணக் குடும்பம் அவர்களுடையது. கோவா நகரில் இயேசு சபையினரின் புனித பவுல் கல்லூரியிலும் தொமினிக்கன் சபையினரின் கல்விக்கூடத்திலும் பயின்று, 1676ஆம் ஆண்டில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறுவருடம் தம்மை மரியன்னையின் அடிமையாக ஒப்புக் கொடுத்துச் சாசனம் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டார். அடிமை என்ற அந்தச் சொல்லை நினைவில் இருத்திக் கொள்வோம். ஒரே ஓர் இடத்தில் அடிமையாகத் தம்மை எழுதிக் கொடுத்துவிட்ட மனிதர், பின்னர் வேறெந்த இடத்திலும் அடிமையாக நிற்கவில்லை என்பதையே அவரது எஞ்சிய வாழ்வு காட்டுகிறது.

ஐரோப்பியத் துறவுச் சபைகளில் சுதேசிகளுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. கோவாவைச் சேர்ந்த குருமார் சிலர் சேர்ந்து பழைய கோவாவின் திருச்சிலுவை ஆலயத்தை மையமாகக் கொண்டு ஒரு குழுவாக வாழத் தொடங்கியிருந்தனர். கன்னடக் கரையோரத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றித் திரும்பிய அடிகளார் 1685இல் அவர்களுடன் இணைந்தார். அந்தக் குழுவே ஒரட்டோரியன் சபையாக உருப்பெற்றது. அடிகளாரே அதன் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். ஆனால் தலைமைப் பதவியில் அவர் நெடுநாள் தங்கவில்லை. அவர் மனம் இலங்கையின் மீது பதிந்திருந்தது.

அன்றைய இலங்கையின் நிலைமையை இங்கு சுருக்கமாக நோக்குவது அவசியம். போர்த்துக்கேயர் கரையோரத்தை ஆண்ட காலத்தில் மற்றச் சமயத்தவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமன்று. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1626இல் கரையோரத்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது அவர்களை ஏற்றுக் கிழக்கே குடியேற்றியவன் கண்டி மன்னன் செனரத். பின்னர் சக்கரம் சுழன்றது. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினர். குருவுக்குத் தஞ்சமளிப்பவருக்கு மரண தண்டனை என்று பிரகடனம் செய்தனர். சைவ ஆலயங்களும் பள்ளிவாசல்களும் அவர்களது கெடுபிடிக்குத் தப்பவில்லை. ஆண்டுக் கணக்கில் ஒரு குருவைக்கூடக் காணாத கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக் கொண்டு செபமாலை சொல்லி வந்தன.

இந்த மக்களைத் தேடியே அடிகளார் 1686இல் கோவாவிலிருந்து புறப்பட்டார். குருவின் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கூலியாளின் உடையை உடுத்தார். வெறுங்காலுடன் நடந்தார். மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, தூத்துக்குடியிலிருந்து தோணியேறி, 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவர் குற்றுயிராகக் கிடந்தார். அவரும் அவருடன் வந்த யோவான் என்ற பணியாளரும் வயிற்றோட்டத்தால் வாடி வதங்கியிருந்தனர். யாரென்று அறியாமலே கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய ஒரு பெண்ணின் இரக்கத்தால் அவர்கள் பிழைத்ததாக அடிகளாரின் வரலாற்றை எழுதியவர்கள் பதிந்துள்ளனர். கொடுக்க வந்தவர் முதலில் பெறுபவராக இருக்க நேர்ந்தது. அவர் அதை இழிவாகக் கருதவில்லை.

உடல் தேறியதும் அவர் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். கழுத்தில் செபமாலை தொங்கியது. அதைக் கண்டு முகம் மலர்ந்தவர் யார், பார்வையை விலக்கிக் கொண்டவர் யார் என்று அவதானித்தே கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து இரவில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி ஒப்புக் கொடுத்தார். ஞானஸ்நானம் பெறாமலே வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு அதனை வழங்கினார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி ஒல்லாந்தர் வீடுகளைச் சுற்றி வளைத்துப் பலரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் மட்டும் அவர்கள் கையில் அகப்படவில்லை. அவரைக் காட்டிக் கொடுத்திருந்தால் தப்பியிருக்கக் கூடியவர்கள் அடியையும் தண்டத்தையும் ஏற்றுக் கொண்டனர். அந்தப் பெயரறியா மனிதர்களின் உறுதி அடிகளாரின் வரலாற்றில் ஒரு பாதி என்றே கூறவேண்டும்.

1690இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளத்துக்குச் சென்றார். புத்தளம் அப்போது கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட துறைமுகம். ஒல்லாந்தரின் சட்டம் அங்கு செல்லுபடியாகவில்லை. சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாணத்து, மன்னார் முஸ்லிம்கள் கையில் கிடைத்ததை எடுத்துக் கொண்டு பெருந்தொகையினராகப் புகலிடம் தேடிச் சென்றதும் இதே புத்தளத்துக்குத்தான். துரத்தியவர்களும் துரத்தப்பட்டவர்களும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியிருக்கிறார்கள். கதவைத் திறந்துவிட்ட ஊர் மட்டும் மாறவில்லை. வடக்கின் தமிழரும் முஸ்லிம்களும் இந்த ஒற்றுமையைச் சேர்ந்திருந்து சிந்திப்பது நன்று.

1692இல் அடிகளார் மலையேறிக் கண்டிக்குச் சென்றார். அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக் கல்வினியர் ஒருவர் இவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் தெரிவித்தார். அடிகளார் காவலில் வைக்கப்பட்டார். தம்மீது பழி சுமத்தியவரை அவர் பதிலுக்குப் பழிக்கவில்லை. சிறைக் காலத்தைச் சிங்களம் கற்கும் காலமாக்கிக் கொண்டார். ஓலையால் வேய்ந்த சிறு கொட்டகையே ஆலயமாயிற்று. நாளடைவில் காவலின் இறுக்கம் தளர்ந்தது. கண்டியிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அவரிடம் வரத் தொடங்கினர்.

மழை பொய்த்த ஒரு காலத்தில் மன்னன் அவரை மழைக்காக மன்றாடும்படி கேட்டதாகவும், வெளியில் சிலுவையை நாட்டி அவர் முழந்தாளிட்டதும் மழை கொட்டியதாகவும், அவர் இருந்த இடம் மட்டும் நனையவில்லை எனவும் கத்தோலிக்கரிடையே ஒரு மரபு வழங்கி வருகிறது. அவரவர் நம்பிக்கைக்கேற்ப அதனை ஏற்றுக் கொள்ளலாம். எவ்வாறாயினும் அடிகளார் விடுதலை பெற்றார். இராச்சியமெங்கும் சென்று போதிக்கவும் அனுமதி பெற்றார். கிறிஸ்தவ அரசொன்று வேட்டையாடிய ஒரு கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த மன்னன் ஒருவன் நிழல் கொடுத்தான் என்பது இந்நாட்டு வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்களில் ஒன்றாகும்.

ஆனால் அடிகளாரை யாரென்று கண்டி அறிந்து கொண்டது மழையால் அல்ல; 1697ஆம் ஆண்டின் பெரியம்மையால்தான். அம்மை என்ற சொல் நமது மக்களிடம் எழுப்பும் அச்சத்தை விளக்கத் தேவையில்லை. தோட்டங்கள் தோறும் மாரியம்மன் கோவில் எழுந்ததன் பின்னணியிலும் அந்த அச்சம் உண்டு. கண்டி நகரம் அன்று வெறிச்சோடியது. மன்னனும் நகரை விட்டு நீங்கினான். நோய் கண்டவர்களைச் சொந்த பந்தங்களே வீட்டில் விட்டுவிட்டு ஓடினர். காட்டோரத்தில் கிடத்திவிட்டும் போயினர். அந்த ஆண்டில்தான் அடிகளாரின் உறவினரான யோசே கர்வாலோ அடிகளார் உள்ளிட்ட துணைக் குருமார் கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்தனர். யோசேவாஸ் அடிகளாரும் கர்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்ட வீடுகளுக்குள் நுழைந்தனர். காட்டோரத்தில் கிடந்தவர்களுக்குக் குடிசை கட்டினர். புண்களைக் கழுவினர், கஞ்சி காய்ச்சி ஊட்டினர், இறந்தவர்களைத் தோளில் சுமந்து சென்று அடக்கம் செய்தனர். பௌத்தனா கத்தோலிக்கனா என்று எந்தப் பாயின் அருகிலும் அவர்கள் கேட்கவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் கொடுத்த கஞ்சி கண்டியில் இவ்வாறு பல மடங்காகத் திருப்பிச் செலுத்தப்பட்டது எனலாம்.

இதன் பின்னர் அவரது பெயர் தீவெங்கும் பரவியது. புகழ் வந்தபோதே அவரது பணிவுக்கு உண்மையான சோதனை வந்தது என்று கருதுகிறோம். வறுமையில் பணிந்திருப்பதற்கு வேறு வழியில்லாமையும் ஒரு காரணமாக இருக்கலாம். உயர்வு வாசலில் வந்து நிற்கும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதே உரைகல். 18ஆம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் இந்தியாவுக்கு வந்த பாப்பரசரின் தூதுவர் தூர்னோன் அடிகளாரை ஆயராக உயர்த்த விரும்பினார். அடிகளார் அதனை ஏற்க மறுத்துவிட்டார். பிற்காலத்தில் வந்து சேர்ந்த இளங்குருமாருக்கு வழிவிட்டு, அவர்களது திறமை மலர இடமளித்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்களை இயற்றி இலங்கைக் கத்தோலிக்க இலக்கியத்துக்கு அடித்தளமிட்டது அந்த ஊக்குவிப்பின் பயனே. ஒரு மூத்தவர் தமக்குப் பின் வருபவரின் பெயர் ஓங்குவதைக் கண்டு மகிழ்வது நமது பொதுவாழ்வில் இன்று எத்துணை அரிதாகிவிட்டது என்பதை வாசகர்கள் அறிவர்.

இத்தனை பணிவுடையவர் தமது வாழ்நாளில் ஒல்லாந்தரின் சட்டத்துக்கு ஒரு நாளேனும் பணிந்ததில்லை. அவருடைய பணியின் பெரும்பகுதி அச்சட்டத்தின்படி குற்றமாகும். கண்டியில் சுதந்திரம் கிடைத்த பின்னரும் அவர் பாதுகாப்பான மலைநாட்டில் முடங்கவில்லை. மாறுவேடம் பூண்டு கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இறங்கிச் சென்று, தண்டனைக்கஞ்சி ஒளிந்து வாழ்ந்த மக்களைச் சந்தித்தார். அதிகாரத்தை எதிர்த்து வாளேந்தவுமில்லை, அதன் முன் மண்டியிடவுமில்லை. தமக்கு முன்னர் இத்தீவில் சிலுவை பீரங்கியுடன் வந்தது. அவரோ ஒரு செபமாலையுடன் மட்டும் வந்தார். அதனாலேயே போர்த்துக்கேயர் நிலைநாட்ட முயன்ற சமயம் அவர்களது கோட்டைகள் வீழ்ந்த பின்னரும் இம்மண்ணில் வேரூன்றி நின்றது.

1707இல் இரண்டாம் விமலதர்மசூரியன் மறைந்து, நரேந்திரசிங்கன் அரியணையேறினான். அடிகளாரின் உடலும் தளர்ந்து கொண்டிருந்தது. இலங்கைக்கு வந்த நாள் முதல் அவர் கோவாவுக்குத் திரும்பவேயில்லை. இறுதி நாட்களில் தம்மைச் சூழ்ந்து நின்ற குருமாருக்கு அவர் உணர்த்தியது ஒன்றே: வாழ்நாளெல்லாம் பழகாத ஒன்றை மரணப் படுக்கையில் திடீரெனச் செய்துவிட இயலாது என்பதாகும். 1711 ஜனவரி 16ஆம் திகதி, 60 வயதை எட்டு முன்னரே, அவர் உயிர் பிரிந்தது. கண்டியில் அவர் பணிபுரிந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே நூற்றாண்டில் கத்தோலிக்கருக்கு எதிர்ப்பு மூண்டபோது அந்த ஆலயம் அழிந்தது. அவரது கல்லறை இருந்த இடம் இன்று எவருக்கும் தெரியாது. நாட்டின் முதலாவது புனிதருக்கு மலர் வைக்க ஒரு கல்லறை இல்லை.

இந்த இடத்தில் மலையகத் தமிழரின் நெஞ்சம் ஒரு கணம் நின்று போகும். அடிகளார் மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் வீழ்ந்தது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1867இல் லூல்கந்தூரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் கூலியாளின் உடையில், வெறுங்காலுடன், தோணியிலிருந்து இறங்கி மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்கள்தாம். வாந்திபேதிக்கும் அம்மைக்கும் இரையாகி வழியிலேயே விழுந்தவர்கள் அநேகர். வந்து சேர்ந்தவர்களின் எலும்புகளும் தேயிலைச் செடிகளின் அடியில் அடையாளமின்றிக் கிடக்கின்றன. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. அடிகளார் அந்த உடையைத் தாமாகத் தெரிந்து அணிந்தார். நமது முன்னோருக்கு அது விதிக்கப்பட்டது.

பணிவைப் பற்றிய பேச்சு தடம் புரள்வது இந்த வேற்றுமையை மறந்துவிடும்போதுதான். விரும்பி ஏற்பது பணிவு. வேறு வழியின்றிச் சுமப்பது அடக்குமுறை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களிடம் போய்ப் பொறுமையாகக் கிடவுங்கள், கடவுள் பார்த்துக் கொள்வார் என்று சொல்வதற்கு அடிகளாரின் பெயரை எவரும் பயன்படுத்த முடியாது. பெரியம்மை கண்டவர்களிடம் அவர் பொறுமையைப் போதித்துக் கொண்டிருக்கவில்லை. முதலில் கஞ்சியை ஊட்டினார். கடவுளுக்கு முன் உண்மையாகத் தலை தாழ்த்தியவனுக்கு மனிதர்களின் முன் நிமிர்ந்து நிற்கும் துணிவு வந்துவிடுகிறது. பள்ளிவாசலில் சுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கும் முஸ்லிம் சகோதரருக்கும், அம்மன் சந்நிதியில் விழுந்து வணங்கும் சைவருக்கும் இந்த உண்மை புதியதன்று.

எனவே பணிவு யாரிடம் எதிர்பார்க்கப்பட வேண்டியது என்ற கேள்விக்கு அடிகளாரின் வாழ்வு தெளிவான விடையைத் தருகிறது. உயர்ந்த குலத்தில் பிறந்து, உயர்ந்த கல்வி பெற்று, உயர்ந்த பதவியும் கைக்கெட்டிய ஒருவரே கீழிறங்கி நடந்தார். தொழிற்சங்கத் தலைவர்கள், தோட்ட நிர்வாகத்தினர், ஆசிரியர்கள், அரச அதிகாரிகள், சமயப் பெரியார்கள், பத்திரிகையாளர்களாகிய நாம் என அனைவரும் அந்தக் கேள்வியைத் தத்தம்மை நோக்கி எழுப்பிக் கொள்ள வேண்டும். லயத்து அறைக்குள் குனிந்து நுழைந்து, அங்கு தருகின்ற தேநீரை வாங்கிக் குடித்து, சொல்வதைக் கேட்க நேரமுண்டா? வாக்குக் கேட்கப் போகும் நாளைத் தவிர வேறு நாட்களில் அந்தப் படியை மிதித்ததுண்டா?

கண்டி மறைமாவட்டத்தின் எல்லைக்குள் இன்று நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களும் அடங்குகின்றன. ஜனவரி 16ஆம் திகதி அங்குள்ள சிற்றாலயங்களில் மெழுகுதிரி ஏற்றப்படும்போது, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து முழந்தாளிடும் தாயொருத்தி கடவுளின் முன் மட்டும் முழந்தாளிடுபவளாக இருக்கட்டும். கல்லறை இல்லாத அந்தப் புனிதருக்கு மலையகம் செய்யக்கூடிய பொருத்தமான நினைவஞ்சலி அதுவாகும்.